ஏழு பன்னிரண்டு

ஆறுக்குட்டி அண்ணன் மழை அளக்கிறவர். எஸ்டேட் ஆபீசில் அவருக்கு வேறு வேலைகளும் இருந்தன. தபால் கொண்டுவருவார், ஆள் வருகை எழுதிய பழைய செக்ரோல்களை அடுக்குவார், மேனேஜருக்கு டீ வைப்பார். ஆனாலும் எங்கள் ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் மழைக்காரர் வீடு என்றுதான் கை காட்டுவார்கள். இருபத்தாறு வருஷமாகக் காலை எட்டரைக்கு அவர் எஸ்டேட் கேட்டை ஒட்டிய கம்பி வேலிக்குள் நின்றிருக்கிறார். காய்ச்சலென்றால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பார். மகன் சரத்தை எடுத்த மறுநாளும் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கூப்பிடத் தோன்றவில்லை.

எஸ்டேட் கேட்டுக்கு வெளியே மூன்று வீடுகள். முதல் வீடு அவருடையது, அடுத்தது என்னுடையது. குன்னூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். சரத்தின் கண்ணீர் அஞ்சலியையும் நான்தான் அடித்தேன். அவன் சிரிக்காத போட்டோ ஒன்று கேட்டேன், அப்படி ஒன்று அந்த வீட்டில் இல்லை.

மழை அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலிக்குள் ஒரு செம்பு உருளை, அதற்குள் ஒரு பாட்டில். இருபத்துநாலு மணி நேரம் பெய்த மழை அதில் சேர்ந்திருக்கும். அதைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்ப்பார். எங்கள் எஸ்டேட் குழாய் வெள்ளைக்காரன் காலத்தது. இஞ்சுக் கணக்கு. ஒரு இஞ்சை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட்டு. நிலத்துக்கும் சென்ட்டு, மழைக்கும் சென்ட்டு, சட்டையில் அடித்துக்கொள்வதும் சென்ட்டா என்று நான் அவரைச் சீண்டுவேன். "மூணுல இதுதான் தம்பி ஓசி," என்பார். நோட்டில் எழுதிவிட்டு, மழைக் கணக்குக் கேட்கும் அரசாங்க ஆபீசுக்கு ஒரு போன். பிறகு வீட்டுக்கு வருவார்.

வாசலில் மருதாம்பாள் அக்கா காபியோடு நிற்பார். அக்காவுக்கு ஃபேக்டரியில் டீத்தூள் சலிக்கிற இடத்தில் வேலை, ஒன்பது மணிக்குத்தான் போக வேண்டும். டம்ளரை நீட்டும்போது "எத்தனை?" என்பார். அண்ணன் "முப்பது" என்பார், "ஒண்ணு அஞ்சு" என்பார், மழையே இல்லாத நாளில் ஆபீஸ் இங்கிலீஷில் "நில்லு" என்பார். அவ்வளவுதான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த இரண்டு பேரும் காலையில் பேசிக்கொள்வது இது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரி மகாலட்சுமி சொல்லுவாள்.

போன நவம்பரில் ஒரு நாள் காலை அவர் பதினைந்து தடவை குழாயில் ஊற்றி அளந்தார். குழாய் அரை இஞ்சுதான் கொள்ளும். வாசலில் அக்கா "எத்தனை?" என்றார். "ஏழு பன்னண்டு." அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் சரத்துக்குப் போன் போட்டார். அவன் கேத்தியிலிருந்து கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டிக்கொண்டு போகிற டெம்போ டிரைவர். போகிற வழியில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

"ரோட்டை அடைச்சிருப்பாங்க சாமி, இன்னைக்கி வண்டி எடுக்காத," என்றார் அக்கா.

"தொறந்துதான் கெடக்குதும்மா. உங்க பக்கம் மழையே இல்லைன்னு செக்போஸ்ட்ல சொல்றாங்க. அரிசியும்பருப்பும் ஆக்கி வையி, பதினொண்ணுக்கு வந்துர்றேன்."

நூறு மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் எங்கள் பக்கத்து வளைவுகளை அடைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி. அன்று யாரும் அடைக்கவில்லை. பத்தே முக்காலுக்கு இரண்டாவது வளைவில் மேட்டுக் காடு மொத்தமாக இறங்கி டெம்போவை மூடியது. தோண்டி எடுக்கச் சாயங்காலம் ஆனது. கேரட் ரோடு முழுக்கக் கிடந்தது. குக்கரில் அரிசியும்பருப்பும் மறுநாள் வரை அப்படியே இருந்தது, மகாலட்சுமிதான் எடுத்துக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பெரிதாக அழவில்லை. அக்கா எட்டாம் நாள் வேலைக்குப் போனார். அண்ணன் அளந்தார். காபி வாசல் திட்டின் மேல் இருக்கும், அவரே எடுத்துக்கொள்வார். "எத்தனை?" என்று கேட்பது மட்டும் நின்றுபோனது.

கோபப்பட்டது மகள் ஷண்முகப்ரியா ஒருத்திதான். ஊட்டியில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். "எதிர்பாராத மழை" என்று அந்த அரசாங்க ஆபீசிலிருந்து அறிக்கை வந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு, அன்றைய பதிவின் நகலை வாங்கிவிட்டாள். பிப்ரவரி முதல் வாரம் அதை என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"இதப் பாருங்க மாமா. எங்கப்பா ஏழு இஞ்சு பன்னண்டு சென்ட்டு அளந்திருக்காரு. நூத்தி எம்பத்தொரு மில்லி. இவங்க ஏழு புள்ளி பன்னண்டு மில்லின்னு போட்டிருக்காங்க. நம்பரத் தொடலை. அலகை மட்டும் மாத்திட்டாங்க. ஏழு மில்லின்னா தூறல் மாமா. தூறலுக்கு எவன் ரோட்டை அடைப்பான்?"

"ஏம்மிணி மாத்தோணும்?"

"ரோட்டை அடைச்சா ரிசார்ட்டுக்கு ஆள் வராதுல்ல. லீவு நாளு பாருங்க அது."

பிப்ரவரிக் கடைசியில் அறிவியல் தினம் வருகிறது. அன்று ஊட்டியில் பேரணி. அவளும் இன்னும் சில வாத்தியார்களும் டாக்டர்களும் சேர்ந்து மலை அறிவியல் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். சரிவுகளில் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன்னால் மண்ணைச் சோதித்த அறிக்கையைப் பார்க்க வேண்டும், நிபுணர்கள் எழுதியதை அலமாரியில் பூட்டக் கூடாது, மழைமானிகளைக் கூட்ட வேண்டும். இப்படி மனுவில் ஏழெட்டுக் கோரிக்கை. மூன்றாவது கோரிக்கை, மழை அளவைத் திருத்திப் பதிந்த ஊழியர் மனிஷாவை வேலையிலிருந்து நீக்கி வழக்குப் போட வேண்டும் என்பது.

இருநூறு அட்டைக்கு ஆர்டர் கொடுத்தாள். 'தரவு அடிப்படையில் திட்டம் போடு' என்பதில் ஐம்பதை நான் 'தரகு அடிப்படையில் திட்டம் போடு' என்று அடித்துத் தொலைத்தேன். கண்ணாடி போடாமல் டைப் அடித்த லட்சணம். "அது ஏற்கெனவே நடக்கறதுதான மாமா, கேட்டு வேற வாங்கோணுமா?" என்றாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பேரணிக்கு முதல் நாள் மத்தியானம் ஆறுக்குட்டி அண்ணன் கடைக்கு வந்தார். கையில் மழை நோட்டு, உரச்சாக்கில் சுற்றி. மேனேஜரிடம் கேட்டு எடுத்துவந்திருந்தார். நவம்பர்ப் பக்கத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி அவரே முன்னால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது மகளின் ஏற்பாடு. நான் நோட்டை மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தேன். நான் அடுக்கி வைத்திருந்த அட்டைகளை அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் நின்றுவிட்டார்.

"தம்பி, 'அலகை மாற்றியது யார்'னு போட்டிருக்குதே."

"அதுதானுங்ணா முக்கியமே."

"யாரும் மாத்தலை."

எனக்குப் புரியவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவர் நோட்டை எடுத்துக்கொண்டார்.

"நான் போன்ல இஞ்சுன்னு சொல்லவே இல்ல தம்பி. ஏழு பன்னண்டுன்னு சொன்னேன். அந்தப் புள்ள ஏழு பன்னண்டுங்களான்னு கேட்டுச்சு. ஆமாங்கம்மான்னு போனை வெச்சுட்டேன்."

"எப்பவுமே அப்படித்தான சொல்லுவீங்க?"

"எப்பவுமே அப்படித்தான். அந்தப் பக்கம் விஜயன் சார் இருந்தாரு. பத்தொம்பது வருசம். அவரா கணக்குப் போட்டு மில்லி ஆக்கிக்குவாரு. அவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. இந்தப் புள்ள வந்து அன்னைக்கி மூணாம் நாளு. முந்துன ரெண்டு நாளும் நம்ம பக்கம் மழையில்ல, நில்லுன்னு சொன்னேன். அது முன்னால மில்லின்னு கட்டம் போட்ட பேப்பர் கெடந்திருக்கும். சொன்னதை எழுதிருச்சு."

"அந்தப் பொண்ணு கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம்." நோட்டைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். ஒழுங்காகச் சுற்ற வரவில்லை, திரும்பப் பிரித்தார். "போன மாசம் அது எனக்குப் போன் பண்ணுச்சு தம்பி. கூடலூர்ப் பக்கம் ஓவேலிப் புள்ள, மலையாளம் கலந்து பேசும், தற்காலிக வேலை. 'அங்கிளே, நீங்க இஞ்சுன்னு பறஞ்சீங்களா, எனக்குக் கேக்காமப் போச்சா'ன்னு கேட்டுச்சு. கேக்காமப் போயிருக்குமோன்னு அது பயந்துட்டு இருக்குது. எனக்கு நெனப்பில்லம்மான்னு சொல்லிப்போட்டேன்."

"ஏனுங்ணா அப்படிச் சொன்னீங்க?"

"அவ பக்கத்துல நின்னுட்டு இருந்தா."

அவ என்றது அக்காவை.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று நான் அவருக்குச் சொன்ன புத்தி, வாயை மூடிக்கொண்டிருங்கள் என்பது. போன உயிர் போயிற்று, இதைச் சொன்னால் அக்கா உங்களோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பார்கள், ப்ரியா அந்த ஊட்டியில் எப்படித் தலை நிமிர்வாள் என்றெல்லாம் கேட்டேன். இருநூறு அட்டையும் அடித்தாகிவிட்டது என்பதும் என் மனதில் ஓரமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "மைக்கைக் குடுத்தா ஒரு கும்பிடு போட்டுட்டு எறங்கிருங்க," என்றேன்.

"சேரி தம்பி," என்றார்.

சாயங்காலம் அட்டைகளைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் இறக்கினேன். அக்கா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். தலைமுடியில் டீத்தூள் அப்பியிருந்தது. பேரணிக்காக லீவு போட்டு வந்திருந்த ப்ரியா மனுவை உரக்கப் படித்துக் காட்டினாள். மூன்றாவது கோரிக்கை வந்ததும் அக்கா கரண்டியை நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைக்கி எத்தனை வயசு?"

"தெரியாதும்மா. இருவத்தி மூணு, நாலு இருக்கும்."

"வேலைய விட்டு எடுத்தா சேரி. கேசெல்லாம் எதுக்கு? அவளுக்கும் ஒரு ஆத்தா அப்பன் இருப்பாங்க."

"சரத்துக்கு இல்லியாம்மா?"

அக்கா மறுபடி கரண்டியைச் சுழற்றினார். அண்ணன் எழுந்து வெளியே போனார். வேலிக்குள் போய் உருளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வானம் வெளுத்துக் கிடந்தது, மழை வருகிற பாடில்லை. "நாளைக்கி நானும் வரோணுமா?" என்று அக்கா கேட்டார். "வாம்மா," என்றாள் ப்ரியா. "அப்பறம் லீவு சொல்லோணும்," என்று அக்கா தோசை வார்க்கத் தொடங்கினார். எங்களுக்கும் இரண்டு வைத்தார். சட்னியில் உப்பில்லை, யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஊட்டி சேரிங் கிராஸில் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர்கள், யூனிபார்மில் பிள்ளைகள், கேத்தியிலிருந்து கேரட் விவசாயிகள், படுகப் பெரியவர்கள் நாலைந்து பேர் வெள்ளை முண்டாசோடு. இதற்கு முன்னால் ஊட்டியில் நான் பார்த்த ஊர்வலமெல்லாம் தேயிலை விலைக்கும் ஓட்டுக்கும்தான். மண்ணைச் சோதித்துப் பார் என்று கோஷம் போட்டுக்கொண்டு போகிற கூட்டம் புதிது. கோஷத்துக்கு மெட்டு சரியாக அமையாமல், "அறிக்கையைப் படி" என்று முன்னால் சொன்னால் பின்னால் சிலர் "வாழ்க" என்றார்கள். டூரிஸ்டுகள் வர்க்கி பாக்கெட்டோடு நின்று போட்டோ எடுத்தார்கள். வெயில் இருந்தும் காற்று குத்தியது.

அண்ணன் முன்வரிசையில் நவம்பர்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கையெழுத்து அத்தனை பெரிதாகிப் பார்த்ததில்லை நான். 7.12. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார். அக்கா நாலு வரிசை தள்ளிப் பெண்களோடு வந்தார். யாரோ அவர் கையில் 'அளந்தது பொய்க்காது' என்ற அட்டையைக் கொடுத்திருந்தார்கள்.

ஊர்வலம் முடிந்த இடத்தில் ஒரு மினி லாரிதான் மேடை. மனுவை வாங்க ஒரு அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் பேசினார்கள். பிறகு ப்ரியா, "அன்றைக்கு மழையை அளந்தவர், என் அப்பா," என்று மைக்கைக் கொடுத்தாள். நான் கீழே நின்று அவரைப் பார்த்துக் கை கூப்பிக் காட்டினேன், கும்பிட்டுவிட்டு இறங்குங்கள் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் ஆறுக்குட்டிங்க. எஸ்டேட்ல மழை அளக்கறனுங்க. அன்னைக்கி ஏழு இஞ்சு பன்னண்டு சென்ட்டுங்க. பதினஞ்சு தடவை ஊத்தி அளந்தேன். அளந்தது சரிங்க."

கை தட்டினார்கள். அவர் அது முடியும் வரை காத்திருந்தார்.

"போன்ல இஞ்சுன்னு நான் சொல்லலீங்க. ஏழு பன்னண்டுன்னு மட்டும் சொன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்றது. அந்தப் புள்ள மாத்தலீங்க. அதுக்கு நம்ம சென்ட்டுக் கணக்குத் தெரியாது. அப்பறம் அது என்னைக் கேட்டப்ப, நெனப்பில்லைன்னு சொல்லிப்போட்டேன். நெனப்பு இருந்துச்சுங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் மறுபடி வாயருகே கொண்டுவந்தார்.

"செத்தது என்ர பையனுங்க," என்றார்.

பின்னால் பிள்ளைகள் கசகசவென்று பேசிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது, அவர்களுக்கு எதுவும் காதில் விழுந்திருக்காது. அதிகாரி போனை எடுத்துப் பார்த்தார். மன்றத்துக்காரர் ஒருவர் ப்ரியாவின் காதில் ஏதோ சொன்னார், இன்றைக்கு மனு கொடுக்க வேண்டாம் என்றிருக்கலாம். அவள் தலையாட்டி மறுத்தாள். லாரியிலிருந்து குனிந்து, "மாமா, பேனா," என்றாள். என் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன். மூன்றாவது கோரிக்கையைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள். அதற்குக் கீழே இடுக்கில் ஒரு வரி எழுதினாள். பிறகு மனுவை முதலிலிருந்து மைக்கில் படித்தாள். மூன்றாவது வந்ததும் அந்தப் புது வரியைப் படித்தாள். மழை அளவைச் சொல்கிறவரும் எழுதுகிறவரும் அலகையும் சேர்த்துச் சொல்லி, ஒருவருக்கொருவர் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். குரல் ஒரே மாதிரி இருந்தது. அப்பாவை அவள் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

நான் அக்காவைத் தேடினேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அட்டை மடியில் இருந்தது. பக்கத்தில் போய் நின்று, "அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். "ம்," என்றார். வாங்கி வந்ததும் குடித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார், அண்ணன் கடைசி சீட்டில். ப்ரியா ஊட்டியிலேயே தங்கிவிட்டாள். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டு இருந்தும் உட்காரவில்லை. வழியெல்லாம் யாராவது ஒருத்தர் வெடித்து அழுதால் தேவலை என்று இருந்தது. நானே அழுதிருக்கலாம், எனக்கும் வரவில்லை. இரண்டாவது வளைவில் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரைப் பஸ் தாண்டியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

இரவு அவர்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. நடுச்சுவர் மெலிசு, பாத்திரம் வைத்தால்கூட எங்களுக்குக் கேட்கும். "போய்ப் பாக்கட்டுமா?" என்று மகாலட்சுமி இரண்டு தடவை கேட்டாள். போய் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. விடியும் முன்னால் யாரும் எதிர்பார்க்காத ஒரு மாசி மழை வந்து தகரத்தில் கொஞ்ச நேரம் சடசடத்துவிட்டு நின்றது.

காலையில் பஸ்ஸுக்காகக் கேட்டருகே நின்றிருந்தேன். எட்டரைக்கு அண்ணன் வேலிக்குள் போனார். பாட்டிலை எடுத்தார், குழாயில் ஊற்றினார், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், எழுதினார். ஆபீசுக்குள் போய்ப் போன் செய்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்து வந்தார். திட்டின் மேல் காபி இல்லை. டம்ளர் அக்கா கையில் இருந்தது. அவர் வாசலில் நின்றிருந்தார்.

அண்ணன் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

"எத்தனை?" என்றார் அக்கா.

நவம்பருக்குப் பிறகு முதல் தடவை.

"நாப்பது."

அண்ணன் கையை நீட்டினார். அக்கா டம்ளரைக் கொடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது என்ன?" என்றார்.

அண்ணன் நீட்டிய கையை இறக்கினார்.

"சென்ட்டு," என்றார். "நாப்பது சென்ட்டு."

அதற்குப் பிறகுதான் அக்கா காபியைக் கொடுத்தார்.